ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?



"வண்டி ஓடவே இல்லை, அதுக்குப் போய் எதுக்குப்பா ஆயில் மாத்தச் சொல்லுத?"

வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர் பக்கம் உள்ள எந்த ஒர்க் ஷாப்பில் போய் அரை நாள் நின்றாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கிறவர்கள். வருடத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ லீவில் வருவார்கள். பாடுபட்ட காசில் வாங்கிய கார் மீதி நாளெல்லாம் வீட்டு ஷெட்டில் நிற்கும். லீவில் வந்தால் 1,500 கிலோமீட்டர் ஓடும், அவ்வளவுதான். "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னா, எனக்கு ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினாப் போதுமே" என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் என்ஜினுக்குக் கிலோமீட்டர்க் கணக்கு மட்டுமல்ல, காலண்டர்க் கணக்கும் உண்டு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இது வெளிநாட்டுக்காரர் வீட்டுக் கார் விஷயம் மட்டுமல்ல. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது லட்சக்கணக்கான வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஊரடங்கு தளர்ந்த பிறகு சாவியைத் திருகினால் "டிக் டிக்" என்ற சத்தம் மட்டும் வந்த வீடுகள் ஏராளம். ஆக, நிற்கிற வண்டியைப் பராமரிப்பது ஒரு தனிக்கலை. ஓடுகிற வண்டிக்குச் சொன்ன பாடம் இதற்கு அப்படியே பொருந்தாது.

எண்ணெய் என்ன வேலை செய்கிறது?

'ஆயில் வழுக்கும், அதனால் தேய்மானம் குறையும்' என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். உண்மை அதைவிடச் சுவையானது. 1883-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் வண்டி அச்சு பேரிங்குகளைச் சோதித்துக் கொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கியது. கார்க் வைத்து அடைத்தார். கார்க்கையும் எண்ணெய் தள்ளிக்கொண்டு வந்தது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்து, அழுத்தம் உண்டாக்கி, அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாடு கொடுத்தார். திரவ ஓட்டப் பாடத்தில் 'ரெய்னால்ட்ஸ் எண்' என்று படிக்கிறோமே, அவரேதான்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. அந்த எண்ணெய்ப் படலம் சுழலும்போது மட்டுமே உண்டாகிறது. வண்டி நின்று விட்டால் க்ராங்க் ஷாப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்து விடும். சிலிண்டர் சுவர், கேம் ஷாப்ட் மேலிருந்த எண்ணெய் சிறிது சிறிதாக வடிந்து கீழே சம்ப்புக்குப் போய்விடும். மாதக்கணக்கில் நின்ற என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, பம்பு எண்ணெயை மேலே ஏற்றும் வரை அந்தச் சில வினாடிகள் உலோகமும் உலோகமும் ஏறத்தாழ நேருக்கு நேர் உரசுகின்றன. அந்த நேரத்தில் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்திருக்கும் தேய்மானத் தடுப்பு மருந்துகள்தான். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த அந்த ரசாயனம் உலோகத்தின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து நிற்கிறது. எண்ணெய் பழசாகிக் கெட்டுப்போனால் இந்தக் கவசமும் பலவீனப்படும்.

ஓடாத வண்டியில் ஆயில் எப்படிக் கெடும்?

இங்கே கொஞ்சம் வேதியியல் கணக்குப் போடுவோம். முதலாம் ஆண்டில் படித்ததுதான்.

பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக் கொள்வோம். 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். எனவே ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிடைக்கும் தண்ணீர் 740 × 162 ÷ 114, அதாவது ஏறக்குறைய 1,050 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்! பலருக்கு நம்பிக்கை வராது. காலையில் ஸ்டார்ட் செய்த காரின் சைலன்ஸர் நுனியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே க்ராங்க் கேஸுக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள், கொஞ்சம் கந்தகச் சேர்மம் ஆகியவையும் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடாகி ஆயிலும் 80, 90 டிகிரியைத் தாண்டி அரை மணி நேரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வென்டிலேஷன் குழாய் வழியாகப் போய்விடும். சூடாகும் முன்பே ஆப் செய்து விட்டால்? தண்ணீர் அங்கேயே குளிர்ந்து ஆயிலில் கலந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் அது இந்தத் தண்ணீர்தான். (ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, டிப் ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அது வேறு கதை.)

தண்ணீரோடு மேற்படி ஆக்சைடுகள் சேர்ந்தால் அமிலம். இந்த அமிலத்தை முறிக்கவே ஆயிலில் காரத்தன்மையுள்ள மருந்து சேர்த்திருக்கிறார்கள். அது தீர்ந்த பிறகு அமிலம் பேரிங்கையும் மற்ற உலோகப் பரப்புகளையும் அரிக்க ஆரம்பிக்கும். வண்டி ஓடும்போது அல்ல, நிற்கும்போது. பதினொரு மாதமும் இரவும் பகலுமாக அரிக்கும்.

நம் பகுதி சீதோஷ்ணமும் இதற்குத் துணை போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய்க் காற்றும் குற்றாலச் சாரலும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் பெய்வது விவசாயத்துக்கு வரம். ஷெட்டில் நிற்கிற இரும்புக்குச் சாபம். பகலில் சூடாகி இரவில் குளிரும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போய் வியர்த்துப் படிகிறது.

அதனால்தான் வண்டியோடு வரும் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியோ அது" என்று போட்டிருக்கிறது. பெரும்பாலான இன்றைய கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். அந்த 'அல்லது' என்ற சொல்லைத்தான் நம் ஊரில் யாரும் படிப்பதில்லை!

போகும் முன்பா, வந்த பிறகா?

வருடம் ஒரு தடவை மாற்ற ஒப்புக்கொண்டவர்களும் செய்கிற காரியம், லீவில் வந்து இறங்கியதும் மாற்றுவது. இது தலைகீழ். லீவு முழுவதும் ஓட்டியதில் அமிலமும் கரியும் சேர்ந்த ஆயிலை உள்ளே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அந்த அழுக்கு ஆயிலில்தான் பேரிங்குகள் பதினொரு மாதம் ஊறுகின்றன. வண்டியை நிறுத்தப் போகும் முன்பு புது ஆயிலும் புது பில்டரும் போட்டு, பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, புது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ப் படிந்த பிறகு நிறுத்துவதே முறை. ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தால் அதே ஆயிலில் அந்த லீவையும் ஓட்டி, மறுபடி கிளம்பும் முன் மாற்றிக் கொள்ளலாம். செலவு ஒன்றுதான்; நாளை மட்டும் மாற்றுகிறோம்.

எந்த ஆயில்?

டப்பாவில் 20 டபிள்யூ 40 என்று போட்டிருந்தால், 'டபிள்யூ'வுக்கு முந்திய எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். சிறிய எண் என்றால் சீக்கிரம் மேலேறும். பிந்திய எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். அதற்குக் கீழே ஏ.பி.ஐ. தர எழுத்து இருக்கும். 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கு, 'சி' என்று தொடங்குவது டீசலுக்கு.

பழைய அம்பாஸடருக்கு 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 என்று ஊற்றிப் பழகிய கைகள் நம் ஊரில் உண்டு. அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இப்போது வருகிற பல சிறிய கார்களுக்கு 0 டபிள்யூ 16, 0 டபிள்யூ 20, 5 டபிள்யூ 30 என்று மெல்லிய ஆயிலைச் சொல்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி அதில் 20 டபிள்யூ 50 ஊற்றினால், நெருங்கிய இடைவெளி உள்ள பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதம் ஆகும். மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு அந்தத் தாமதம்தான் எமன். புத்தகத்தில் போட்ட ஆயிலையே போடுங்கள்.

மாற்றும் முறை

1. பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கவும். குளிர்ந்த ஆயிலோடு கசடு முழுவதும் வராது.

2. சமதரையில் நிறுத்தி, ஜாக்கி ஏற்றி, கட்டாயம் ஸ்டாண்டு வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு ஒர்க் ஷாப்பிலும் எழுதி வைக்க வேண்டும்.

3. டிரெயின் பிளக்கைக் கழற்றி கால் மணி நேரமாவது வடிய விடவும். திரும்பப் போடும்போது புது வாஷர் போடவும்.

4. புது பில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் ஒட்டிய பின் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் அடுத்த தடவை கழற்ற உயிர் போகும். பழைய பில்டரின் ரப்பர் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும்.

5. புத்தகத்தில் சொன்ன அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆப் செய்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்க்கவும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினாலும் தவறுதான்.

6. தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் கட்டித் தொங்க விடவும்.

வடித்த ஆயிலை என்ன செய்வது? ஷெட்டுக்குப் பின்னால் வாய்க்கால் இருக்கிறது என்று அதில் ஊற்றுவது பலருக்குப் பழக்கம். அடவிநயினார் அணையிலிருந்து வரும் அனுமன் நதித் தண்ணீர்தான் நம் வயலுக்கும் வருகிறது. பழைய ஆயிலில் உலோகத் தூளும் எரிந்த கழிவும் உண்டு. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேனில் அடைத்து, மறுசுத்திகரிப்புக்குச் சேகரிக்கிறவர்களிடம் ஒர்க் ஷாப் மூலம் சேர்த்து விடுங்கள்.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பா!"

வெளிநாட்டிலிருந்து போனில் வருகிற உத்தரவு இதுதான். மச்சினனோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ ஞாயிற்றுக்கிழமை வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஆப் செய்வான். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன்? கணக்குப் பார்ப்போம்.

சிறிய கார் ஐடிலிங்கில் மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் குடிப்பதாக வைத்துக் கொள்வோம். பத்து நிமிடத்துக்கு 125 மில்லி. அதே அளவுக்குத் தண்ணீரும் உண்டாகும். சைலன்ஸர் சூடாகும் முன்பே ஆப் செய்வதால் ஒரு பகுதி உள்ளேயே தங்கித் துருவாகும். ஆயிலும் வெந்நீர்ச் சூடு கூட ஏறியிருக்காது.

பாட்டரிக்காவது நன்மை உண்டா? இன்றைய காரில் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து நிற்கும்போதே 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. வாரத்துக்கு ஐந்து. ஐடிலிங்கில் பாட்டரிக்குள் நிகரமாக 10 ஆம்பியர் போனாலும் பத்து நிமிடத்தில் திரும்பக் கிடைப்பது 1.7 மட்டுமே. ஆக வாரா வாரம் மூன்றே கால் நஷ்டம். 35 ஆம்பியர்-மணி பாட்டரி பத்து, பதினோரு வாரத்தில் காலி. ஸ்டார்ட் செய்யாமல் விட்டாலோ 48 நாளில் காலி. இரண்டும் தோல்விதான், ஒன்றில் என்ஜினும் சேர்ந்து கெடுகிறது.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, முழுமையாக ஓட்டுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வடகரையில் இருந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று ஒரு சுற்று சுற்றி வந்தால் என்ஜின், கியர் பாக்ஸ், டயர், பிரேக் எல்லாம் வேலை செய்யும். ஏ.சி.யையும் பத்து நிமிடம் போட்டு விடுங்கள். கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும். பி.எஸ். 6 டீசல் கார் என்றால் சைலன்ஸரில் உள்ள கரி வடிகட்டி எரிந்து சுத்தமாவதற்கும் இப்படித் தொடர்ந்த ஓட்டம் அவசியம். அல்லது, முறையாக உறங்க வையுங்கள். பாதி விழிப்பு, பாதி தூக்கம் வேண்டாம்.

உறங்க வைக்கும் முறை

*பாட்டரி:* முழு சார்ஜ் செய்து நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றவும். ஏன் நெகட்டிவ்? பாடி முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். கழற்றிய பாட்டரியும் தானாகவே மெல்ல இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். எனவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். மீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகிப் பாட்டரி மறுபடி எழாது.

*பெட்ரோல்:* 2025-ஆம் ஆண்டு முதல் நம் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் பம்பு உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். டாங்க்கை ஏறக்குறைய நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும், ஈரமும் குறையும். திரும்பி வந்ததும் புதுப் பெட்ரோல் சேர்த்து அதை ஓட்டித் தீர்க்க வேண்டும்.

*டயர்:* ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அடிப்பாகம் தட்டையாகி, ஓடும்போது 'தட தட' என்று உதறும். ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வைக்கலாம். டயரின் பக்கவாட்டில் போட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மாதம் ஒரு தடவை வண்டியைக் கையால் ஓரடி தள்ளி விட்டாலும் போதும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி வைப்பது உத்தமம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. "பட்டன் தேயவே இல்லை" என்று சந்தோஷப்படும் முன் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். ஓடாத டயரும் வயதாகி வெடிப்பு விடும்.

*கூலண்ட்:* வெறும் தண்ணீர் விட்டு நிறுத்த வேண்டாம். கூலண்டில் உள்ள துருத் தடுப்பு மருந்து ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் காக்கும்.

*கவர்:* பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே வியர்க்கும். காற்றுப் போகும் துணிக் கவர்தான் நல்லது. தென்னை மரத்தடி கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

*எலி:* பிசான அறுவடை முடிந்ததும் வயல் எலிகளுக்கு வீடு தேவைப்படும். நம் காரின் பானெட்டுக்குள் மெத்தை போட்ட மாளிகையே இருக்கிறது. ஒயரிங்கைக் கடித்துவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. ஏர் பில்டர் வாய்க்கும் சைலன்ஸர் முனைக்கும் கம்பி வலை கட்டி, அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்க விடவும். புகையிலை வைப்பது, பாச்சை உருண்டை போடுவது எல்லாம் ஓரளவுக்குத்தான். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து வைத்துப் பார்ப்பதே சிறந்த எலி மருந்து.

*ஹேண்ட் பிரேக்:* போட்டு நிறுத்தவே கூடாது. ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இதுவரை சொன்னது எல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. இனிச் சொல்லப் போவது உயிர் சம்பந்தப்பட்டது.

நம் பகுதி ஆட்கள் பலர் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குத்தான் போய் வருகிறார்கள். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலைப்பாதை. மாதக்கணக்கில் நின்ற காரை எடுத்து, வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றி, "மாப்பிள்ளையைக் கூப்பிடப் போறோம்" என்று நேரே மலை ஏறுகிறார்கள். ஏறுவது என்ஜினைச் சோதிக்கும். இறங்குவது பிரேக்கைச் சோதிக்கும்.

ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 1200 × 9.8 × 100, அதாவது சுமார் 1,176 கிலோ ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முழுவதையும் பிரேக்கே தாங்கினால், டிஸ்க்கும் டிரம்மும் சேர்த்து 20 கிலோ இரும்பு என்று வைத்தால், வெப்பநிலை 118 டிகிரி போல ஏறும். இது ஒரு 100 மீட்டருக்கு மட்டும். காற்று கொஞ்சம் குளிர்விக்கும் என்றாலும், நியூட்ரலில் இறங்குகிறவருக்கு அடுத்தடுத்த வளைவுகளில் சூடு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது பிரேக் ஆயிலுக்கு வருவோம். அது என்ஜின் ஆயில் போன்றதல்ல; காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 140. டாட் 4 தரத்துக்கு 230, ஈரம் சேர்ந்தபின் 155. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த ஈரம் ஏறும். சாரல் பூமியில் கேட்கவே வேண்டாம். மலை இறக்கத்தில் பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும், சக்கரம் நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதன் ஆபத்து.

ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். அந்த ஆற்றலில் ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும்.

மீண்டும் எழுப்பும் நாள்

கழற்றிய பாட்டரியை மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கம்பி வலைகளை எடுத்தாயிற்றா? ஒயர்கள், ரப்பர் ஹோஸ்கள் சரியா? ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் மட்டம் சரியா? வண்டிக்கு அடியில் ஒழுக்கு உண்டா? டயர் காற்றை வழக்கமான அளவுக்குக் கொண்டு வந்தாயிற்றா? பிரேக் பெடலை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது, பல பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு சுற்றினால் பெட்ரோல் போகாது. என்ஜின் வெறுமனே சுற்றும். ஐந்து வினாடி அப்படிச் சுற்றினால் ஆயில் மேலே ஏறிவிடும். பிறகு காலை எடுத்துவிட்டு முறையாக ஸ்டார்ட் செய்யலாம். ஆயில் விளக்கு உடனே அணைய வேண்டும். ரேஸ் கொடுக்கக் கூடாது. முதல் ஓட்டம் பண்பொழி வரை போய் வருவதோடு இருக்கட்டும். ஆள் இல்லாத ரோட்டில் பிரேக் அடித்துப் பாருங்கள். இதெல்லாம் சரியான பிறகே மலைப்பாதை.

காகிதத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது குற்றம். வண்டி ஷெட்டில் நின்றாலும் இன்சூரன்ஸ் தேதி நிற்காது! முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

நாம் செய்யக் கூடியது

நண்பர்களே, நம் ஒவ்வொருவர் தெருவிலும் இப்படி இரண்டு மூன்று கார்களாவது நிற்கும். லீவு நாட்களில் ஒரு மல்டிமீட்டர், ஒரு காற்று அளக்கும் கேஜ், ஒரு நோட்டு. இவ்வளவு இருந்தால் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டு வண்டிக்கு ஒரு அட்டை போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி, பிரேக் ஆயில் மாற்றிய தேதி, பாட்டரி வோல்ட், டயர் எண் நான்கையும் எழுதுங்கள். லைசென்ஸ் உள்ளவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஓட்டி வரலாம். படித்த பாடம் மனதில் நிற்கும். கைச்செலவுக்கும் நியாயமாக நாலு காசு கிடைக்கும். "பாலிடெக்னிக் பையன் சொன்னா சரியா இருக்கும்" என்ற பேர் கிடைத்தால் அதற்கு விலையே இல்லை.

எல்லாவற்றையும் எழுத நேரமில்லை என்றால், அட்டையில் முதல் வரியாகப் பிரேக் ஆயில் தேதியை எழுதுங்கள். என்ஜின் போனால் மறுபடி வாங்கலாம்.